சார்ஜ் பாயின்டில் மிளகு

போடியில் கரண்டு வண்டிக்குச் சார்ஜ் போட மூன்று இடம் இருப்பதாகப் போன் காட்டும். அதை நம்பிப் போய்ப் பாருங்கள். ஒன்று லாட்ஜுக்குள்ளே, ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும். இன்னொன்றில் கம்பம் நட்டதோடு சரி, ஒயர் இன்னும் வந்தபாடில்லை. மூன்றாவது என் பஞ்சர் கடைக்கு எதிரே, மிளகு வியாபாரி சௌந்தரபாண்டியனின் சரக்குக் கிட்டங்கி வாசலில். வண்டி நிற்பதற்கென்று வழவழவென சிமெண்டுத் தரை போட்டார் மனுஷன். அதுதான் வினை. எங்கள் ஊரில் வெயில் படுகிற சிமெண்டுத் தரை ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், மறுநாள் அதில் ஏதாவது காயும்.

இதில் மாட்டிக்கொண்டு முழிப்பது பாண்டீஸ்வரிதான். மலைப்பக்கத்துக் குரங்கணிக்காரி. புருஷன் இறந்தபின் கடன்பட்டு ஒரு கரண்டு ஆட்டோ வாங்கி, மாமியார் சுந்தரம்மாளையும் வைத்துக் காப்பாற்றுகிறாள். குரங்கணிக்கும் போடிக்குமாக நாளெல்லாம் ஓட்டம். எனக்கு வருகிற கோபத்தில் கால்வாசிகூட அவளுக்கு வராது. அதுவே எனக்கு எரிச்சல்.

சுந்தரம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றாலே ஓடி ஒளிகிறவர். வருஷக்கணக்கில் கெஞ்சிக் கெஞ்சி, போன வாரம்தான் அவரைச் சரி என்று சொல்ல வைத்தாள். இன்றைக்கு மத்தியானத்துக்குள் தேனி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நேற்றைய காற்றில் மரம் சாய்ந்து குரங்கணியில் கரண்டே இல்லை. இறக்கம்தானே என்று, மிச்சமிருந்த சார்ஜில் போடிவரை மாமியாரைக் கொண்டுவந்துவிட்டாள். இனி தேனிக்குப் போவதென்றால் இங்கே சார்ஜ் போட்டுத்தான் ஆக வேண்டும்.

வந்து பார்த்தால் தரை முழுக்க மிளகு. நானும் அவளும் ஆளுக்கொரு விளக்குமாற்றை எடுத்து ஓரமாகத் தள்ளினோம். ஒயரை மாட்டினால் விளக்கு எரியவில்லை. சௌந்தரபாண்டியனுக்குப் போன் போட்டேன்.

"மிளகு மேல எவனாச்சும் வண்டிய ஏத்திருவான்னு மெயின ஆஃப் பண்ணிப் பெட்டியப் பூட்டிட்டேன் மாப்ளே. சாவி எங்கிட்டதான் இருக்கு. ஏலக்காய் ஏலத்துல உக்காந்திருக்கேன், சாயங்காலம் வர்றேன்."

"மிளகு காயப்போடவா அண்ணே சார்ஜ் பாயின்டு வச்சீக?" என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

ஆட்டோவுக்குள் சுந்தரம்மாள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "விடு தாயி. சாமியே வேணாங்குது. வண்டியத் திருப்பு."

"பஸ்சுல போயிருவோம் அத்தை. இப்ப வந்துரும்."

"பஸ்சுல எனக்குக் கொமட்டும். இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்."

அந்த இன்னொரு நாள் வரப்போவதில்லை என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். அந்த மிளகை அப்படியே அள்ளிச் சாக்கடையில் கொட்டினால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும்போல இருந்தது. பாண்டீஸ்வரி ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டே இருந்தது. பார்க்கச் சகிக்காமல் நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

சுந்தரம்மாள் அவளுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு மூச்சு விட்டுவிட்டு வருவது மட்டும் கேட்கவே, "என்ன தாயி, சிரிக்கிறியா?" என்று கேட்டார்.

அவர் கையை நீட்டித் தடவினார். மருமகளின் கன்னம் அகப்பட்டது. ஈரமான விரல்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அப்புறம் காலால் தரையைத் துழாவி இறங்கினார்.

"பஸ்சு எந்தப் பக்கம் நிக்கும்?" என்றார்.