உதட்டுப் பேச்சு

எங்கள் மில்லில் பேசுவதற்கு வாய் போதும், குரல் வேண்டாம். ஸ்பின்னிங் பகுதியில் மெஷின்கள் ஓடும்போது காதோரம் வந்து கத்தினாலும் கேட்காது. எதிரே நிற்பவளின் உதட்டைப் பார்த்துத்தான் அவள் வீட்டில் நேற்று என்ன சண்டை, இன்று என்ன குழம்பு என்று தெரிந்துகொள்வோம். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில் எல்லாருக்கும் இது தானாக வந்துவிடும். வீட்டுக்குப் போன பிறகும் விடாது, அதுதான் தொல்லை. அடுப்படியில் நின்று வாயை மட்டும் அசைத்துவிட்டு, பதில் வரவில்லையே என்று மகனைத் திட்டுவேன். "சத்தத்தப் போட்டுப் பேசும்மா" என்பான்.

இப்படிப் பேசியே ஒருத்தியை ஒருத்தி தூக்கி நிறுத்தி வந்த எங்களுக்கு, மனம் விட்டுப் பேசக் கற்றுத்தரப் போவதாக ஒருநாள் நோட்டீஸ் ஒட்டினார்கள். கோயம்புத்தூரில் இருந்து புதிதாக வந்திருந்த மனிதவள அதிகாரியின் ஏற்பாடு அது. சனிக்கிழமைதோறும் ஷிப்ட் முடிந்ததும் ஏசி அறையில் வட்டமாக உட்கார வேண்டும். ஒரு மஞ்சள் கரடிப் பொம்மை கைமாறி வரும். அது யார் மடியில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூட அந்தக் கரடியைப் பிடித்துக்கொண்டு திருதிருவென்று முழித்தார்கள். "இங்க பேசுறது இந்த ரூமைத் தாண்டாதுங்க" என்று அந்த அதிகாரி மேடம் சிரித்தபடி சொன்னார். சூப்பர்வைசர் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் அந்த ரூமைத் தாண்ட மாட்டாரா என்ன?

எங்களில் ஒருத்தி கோம்பை ஊர்க்காரி. புருஷன் விட்டுப் போனபின் கைப்பிள்ளையோடு தாய் வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாளைக்கு முன்பு அவளுடைய மேல்கோட்டின் கை மெஷினில் மாட்டி, தோள்வரை இழுத்துவிட்டது. பக்கத்தில் நின்ற நான் சிவப்புப் பொத்தானை அமுக்கி மெஷினை நிறுத்தினேன். கன்றிப்போனதோடு தப்பித்தாள். ஆனால் அன்று முதல் அறுந்த நூலை ஒட்டப் போனால் அவள் விரல் நடுங்கும். ஒட்டத்தான் செய்வாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எங்களுக்கு அது தெரியும். அதனால் அவள் பார்வையில் படும்படி எப்போதும் யாராவது ஒருத்தி நின்றுகொள்வோம்.

கரடி அவளிடம் வந்த சனிக்கிழமை, மேடத்தின் பேச்சை நம்பி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். கை நடுங்குவது, தூக்கம் வராதது, மெஷின் சத்தம் கனவிலும் கேட்பது. அழுதாள். மேடம் கண்ணும் கலங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் திங்கள்கிழமை வேலைக்கு வந்தவள் கையில் சூப்பர்வைசர் துடைப்பத்தைக் கொடுத்தார். மெஷினில் நிற்கத் தகுதியில்லையாம், அவள் நன்மைக்குத்தானாம். எங்கள் மில்லில் துடைப்பத்துக்குப் போனவர்கள் அடுத்து வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்கள். வீட்டுக்குப் போனால் அவளுக்கு ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி ஆள் ஏற்றிக்கொண்டு விடியுமுன் கிளம்பும் ஜீப்தான் கதி. பிள்ளையை விட்டுவிட்டு மலைக்கும் சமவெளிக்குமாக அலைய வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்தபடி பஞ்சைக் கூட்டிக்கொண்டே போனாள்.

அடுத்த சனிக்கிழமையும் வட்டம் கூடியது. கரடி முதலில் கூடலூர் அக்காவிடம் போனது. அந்த அக்கா எதிரே உட்கார்ந்திருந்த கோம்பைக்காரியையே பார்த்துக்கொண்டிருந்ததால், பழக்க தோஷத்தில் உதடு மட்டும் அசைந்தது. 'சாப்பிட்டியா ஆத்தா?'

"சத்தமாப் பேசுங்க, எல்லாருக்கும் கேக்கணும்" என்றார் மேடம்.

அக்கா நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரைப் பார்த்தார். தவறிப்போய் நடந்தது அதுவரைதான். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வேண்டுமென்றே செய்தது. மறுபடியும் சத்தமில்லாமல், நிதானமாக, தன் மருமகள் வைத்த புளிக்குழம்பின் லட்சணத்தை உதட்டாலேயே சொல்லி முடித்துவிட்டுக் கரடியை அடுத்தவளிடம் கொடுத்தார். அவளும் வாயை மட்டும் அசைத்தாள். அதற்கடுத்தவள் சூப்பர்வைசரின் மீசையைப் பற்றிச் சொன்னதை நான் இங்கே எழுத முடியாது. அவர் எல்லாருடைய வாயையும் மாறி மாறிப் பார்த்தாரே தவிர ஒரு எழுத்தும் புரியவில்லை. மெஷினில் நின்று பிழைத்திருந்தால் அல்லவா புரியும்? வாரம் முழுக்கத் தலை குனிந்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"என்னங்க இது, விளையாட்டா?" என்று மேடம் எழுந்தபோது கரடி என் மடிக்கு வந்திருந்தது.

நான் மட்டும் சத்தமாகப் பேசினேன். "இங்கன பேசுனதுக்கு ஒருத்திக்குத் தொடப்பம் கொடுத்தாச்சு. எங்களுக்குன்னு இன்னும் எத்தனை தொடப்பம் வச்சிருக்கீக?"

சூப்பர்வைசர் என் பேரைச் சொல்லி அதட்டினார். மேடம் அவரைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். அவர் போன பிறகும் மேடம் உட்காரவில்லை. "அவங்க சொன்னத நான் ரிப்போர்ட்டா எழுதி மேல கொடுத்தது அவங்களுக்கு உதவி கிடைக்கட்டும்னுதான்" என்றார். நம்பினேன். ஆனால் கோபம் குறையவில்லை. நல்ல மனசோடு செய்தாலும் துடைப்பம் துடைப்பம்தானே.

"அவ பழையபடி மெஷின்ல நிக்கணும்" என்றேன். "பக்கத்துல கூடலூரு அக்காவும் நானும் நிப்போம். பொறவு இந்த ரூம எங்களுக்கு விடுங்க. நீங்களும் வேணாம், சூப்பர்வைசரும் வேணாம், இந்தக் கரடியும் வேணாம். எங்க கஷ்டத்த நாங்க பேசிக்கிருவோம்."

மேடம் மேனேஜரிடம் என்ன பேசினாரோ தெரியாது. அவளை மெஷினிலும் எங்களைத் தனியாக அந்த ரூமிலும் சோதனைக்கு விட்டுப் பார்க்கலாம் என்று உத்தரவு வந்தது. ஏதாவது ஆனால் மூன்று பேருக்கும் கேட்டுக்கு வெளியேதான் இடம் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். கூடலூர் அக்கா என் முகத்தைக்கூடப் பார்க்காமல் "சரி சார்" என்றார். நானும் சொன்னேன்.

அவள் மறுபடி மெஷினில் நின்ற முதல் நாள் நூல் அறுந்துகொண்டே இருந்தது. இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் நான். அவள் விரல் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. ஓடிப்போய் ஒட்டிக் கொடுக்க என் கை பரபரத்தது. போகவில்லை. அவள் நிமிரும்போதெல்லாம் என் முகம் தெரியும்படி நின்றேன். ஒவ்வொன்றாக அவளே ஒட்டினாள்.

சாயங்காலம் கம்பெனி வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உத்தமபாளையம் தாண்டும்வரை தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். "இப்பப் பயம் எப்படி இருக்கு?" என்று நான்தான் கேட்டேன்.

"அது இன்னும் போகலக்கா" என்றாள். "நானுந்தான் மெஷின விட்டுப் போகல."