தேவகி அக்கா அணைத்த கற்பூரம்

செய்தி வந்தபோது குருண் பாசாரில் மீன்காரரிடம் விலை பேசிக்கொண்டிருந்தேன். பழைய தொழிற்சாலைத் தோழிகள் வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒரு வரி: "தேவகி அக்கா தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." அதன் கீழே கூப்பிய கைகளாக வந்து விழுந்தன. நடுவில் ஒருத்தி கேட்டிருந்தாள்: "யாரு, அந்தப் பெட்ரோல் வாசன காடி ஓட்டுவாங்களே, அந்த அக்காவா?" இன்னொருத்தி பதில் போட்டிருந்தாள்: "ஆமாலா, கற்பூரத்த அணைச்சாங்களே, அவங்கதான்." மீனை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தக் குழுவில் இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பாதிக் கதையைத் தெரிந்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் பேசியாகிவிட்டது. மீதியையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

செமிலிங்கிலிருந்து குருண் தொழிற்சாலைக்கு எங்கள் நாலு பேரையும் தேவகி அக்காதான் தன் காரில் ஏற்றிப் போவார். தொழிற்சாலையில் அவர் எங்கள் சூப்பர்வைசர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாய் பொல்லாத வாய். சீட் பெல்ட் போடாமல் உட்கார்ந்தால், "ஒன்னோட மண்ட ஒனக்கு வேணாம்னா எறங்கி நடந்து போ, என் கண்ணாடி எனக்கு வேணும்" என்பார். கார் பழசு. பெயின்ட் வெளுத்து, என்ன நிறம் என்று சொல்ல முடியாத நிலையில் இருந்தது. ஆனால் மழையோ வெயிலோ, ஒருநாள்கூட எங்களை அவர் நடுவழியில் இறக்கிவிட்டதில்லை.

ஒரு கட்டத்தில் காருக்குள் பெட்ரோல் வாசனை வரத் தொடங்கியது. முழுகாமல் இருந்த ஒரு தோழிக்கு ஏறியதுமே குமட்டும். "மூக்கு இருக்கிறது மூக்குத்தி போட மட்டும் இல்லடி, வாசன வந்தா எங்கேருந்துன்னு பாக்கணும்" என்று சொல்லி, அக்கா காரை வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார். அங்கிருந்த சீன அங்கிள் குனிந்து பார்த்துவிட்டு, கேனிஸ்டர் கெட்டுப்போய்விட்டது என்றார். அது கரி நிரப்பிய ஒரு கறுப்புப் பெட்டி. டாங்கியில் கிளம்பும் பெட்ரோல் ஆவி வெளியே போகாமல் ஒரு குழாய் வழியாக அதற்குள் வரும். கரி அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கார் ஓடும்போது இன்ஜின் அதை இழுத்து எரித்துவிடும். ஆவி வர வேண்டிய இடத்துக்குப் பெட்ரோலே வந்துவிட்டால் கரி பாழ். பம்ப் தானாக நின்ற பிறகும் டாங்கியில் பெட்ரோலைத் திணித்தால் அப்படித்தான் ஆகும் என்றார் அங்கிள்.

திணித்தது யார் என்று அக்காவுக்குத் தெரியும். சிடாம் கிரியில் மளிகைக் கடை வைத்திருந்த அவருடைய அண்ணன் மாணிக்கம். சனி ஞாயிறு ஆனால் சாமான் எடுக்க இந்தக் காரைத்தான் இரவல் கேட்பார். நம் ஆட்கள் பெட்ரோல் எண்ணெய் அடிக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியாததா? பம்ப் 'டக்'கென்று நின்ற பிறகு ஒரு கையால் காரைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டி, காற்றை வெளியேற்றி, டாங்கியின் கழுத்துவரை ஊற்றுவது. மாணிக்கம் அண்ணன் அதில் கெட்டிக்காரர். "பம்ப்பு நின்ன எடத்துல நாமளும் நிக்கணும்ணே" என்று அக்கா எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். "நீ எனக்கு எண்ணெ அடிக்கச் சொல்லித் தரியா?" என்று அவர் சிரிப்பார்.

பழைய கார்களை வெட்டிப் பாகம் பாகமாக விற்கும் கடை ஒன்று சுங்கைப் பட்டாணியில் இருந்தது. அக்கா அங்கே போய் நல்ல நிலையில் இருந்த கேனிஸ்டர் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். தொழிற்சாலை கார் நிறுத்துமிடத்தில், சாப்பாட்டு நேரத்தில், நாங்கள் குடை பிடிக்க அவரே மாற்றினார். எந்தக் குழாய் எதற்கு என்று மாறிவிடாமல் இருக்க, கழற்றும் முன் ஒன்றில் என் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்தார். பழைய பெட்டியைக் கையில் கொடுத்து ஆட்டச் சொன்னார். உள்ளே தண்ணீர் போல் குலுங்கியது. "கேட்டியா? இது கரி இல்லடி, பெட்ரோல் போத்தல்." வாசனை அன்றோடு போயிற்று. முழுகாமல் இருந்தவள் முன் சீட்டில் உட்கார்ந்து, குமட்டல் இல்லாமல் வேர்க்கடலை தின்றுகொண்டே வந்தாள்.

அதற்குப் பிறகு வந்த ஆயுத பூஜையைத்தான் எல்லோரும் சொல்கிறீர்கள். நான் அங்கே இருந்தேன். சிடாம் கிரியில் அண்ணன் வீட்டு வாசலில் பூஜை. காலையில் காரை எடுத்துப்போன மாணிக்கம் அண்ணன், பூஜைக்கு நிற்கும் வண்டி குறையாக நிற்கக் கூடாது என்று டாங்கியை நிறைத்துக்கொண்டு வந்தார். அரிசிப் பானையை நிறைத்து வைப்பது போலத்தான் அவருக்கு அதுவும். வெயிலில் கார் காய்ந்துகொண்டிருந்தது. இன்ஜினுக்கும் சந்தனம் வைக்க வேண்டும் என்று மூடியைத் திறந்தார்கள். அண்ணன் மகள் ஷாமினி, பள்ளிக்கூடப் பெண், ஆசையாக முன் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். பூஜை முடிந்ததும் எலுமிச்சம் பழத்தின் மேல் ஏறும் முதல் சவாரி அவளுக்கு.

அக்கா வாழை இலையோடு வீட்டுக்குள்ளிருந்து வந்தார். பாதி வழியில் நின்று மோந்து பார்த்தார். காருக்கு அடியில் மண் நனைந்திருந்தது. அதற்குள் அண்ணன் தட்டில் கற்பூரத்தைக் குவித்து ஏற்றி, இன்ஜின் பக்கம் நீட்டிவிட்டார். "அண்ணே, வேணாம்! ஷாமினி, எறங்குடி, எறங்கு!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து தட்டைப் பிடுங்கி, காரை விட்டு விலகித் திரும்பி, எரியும் கற்பூரத்தை வெறும் உள்ளங்கையால் அழுத்தி அணைத்தார். தோல் பொசுங்கிய வாடை எனக்கு வந்தது. மற்றவர்களுக்கு அது வரவில்லை போலும். "சாமி கற்பூரத்த அணைச்சிட்டாளே பாவி" என்று அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "நெறைவா எண்ணெ ஊத்துனது தப்பாடி?" என்று அண்ணன் அடிக்கப் பாய்ந்தார். பெட்ரோல் ஒழுகுகிறது என்று அக்கா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

தங்கை சொன்னது பொய் என்று காட்டத்தான் அண்ணன் மறுநாள் காரை அங்கிளிடம் எடுத்துப்போனார். அக்காவும் நானும் கூடப் போனோம். அக்கா மாற்றிப் போட்டிருந்த கேனிஸ்டரை அங்கிள் கழற்றிக் கவிழ்த்தார். பெட்ரோல் கொட்டியது. "சியாப்பா கோயாங் கெரெத்தா?" என்றார். காரை ஆட்டியது யார் என்று கேட்கிறார். அண்ணன் பணம் எடுப்பதுபோல் சட்டைப் பையைத் துழாவினார். கற்பூரம் காட்டியிருந்தால் கார் எரிந்திருக்கும் என்று அங்கிள் மலாயில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். திரும்பும் வழியில் அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "இத வீட்டுல சொல்ல வேணாம், தேவகி. புள்ள பயந்துக்கும்." கட்டுப்போட்ட கையோடு அக்கா சரி என்றார்.

பிள்ளை பயந்துகொள்ளும் என்பதெல்லாம் சும்மா. அதற்குப் பிறகு அந்த வீட்டில் எது நடந்தாலும் பழி அக்கா மேல்தான். கடையில் வியாபாரம் படுத்தது, அவள் கற்பூரத்தை அணைத்ததால். அண்ணிக்குச் சர்க்கரை கூடியது, அதுவும் அதனால். உண்மை தெரிந்த ஒரே மனிதர் அந்த வீட்டுத் தலைவர். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன மனுஷன் அவர்!

ஷாமினி என்றால் அக்காவுக்கு உயிர். அவள் கல்யாணத்தில் அத்தையாக முன்னால் நின்று ஆலம் சுற்ற வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. பட்டுப்புடவை எடுத்து வைத்துக் காத்திருந்தார். மண்டபத்தில் அண்ணி வந்து, "நீங்க பந்திய பாத்துக்குங்க, மேடைக்கு வர வேணாம். அணைச்ச கை" என்றார். மாணிக்கம் அண்ணன் பக்கத்தில்தான் நின்றார். மாலையைச் சரிசெய்துகொண்டார். அக்கா பட்டுப்புடவையோடு சாம்பார் வாளி தூக்கினார்.

வீட்டுக்குத் திரும்பும்போது கார் கண்ணாடியை உடைத்துவிடலாம் போல் எனக்குக் கோபம். "நாளைக்கே ஷாமினிகிட்ட சொல்றேன்" என்றேன். "சொல்லாத. அவளுக்கு அப்பா ஒருத்தர்தான். அத்தயத் திட்டிட்டுப் போகட்டும், அப்பன வெறுக்க வேணாம்" என்று என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் இருந்தவரை அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

சாவு வீட்டில் மாணிக்கம் அண்ணன் வந்தவர்களிடம், "அவசரக்காரி, ஆனா மனசு நல்ல மனசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் பின்பக்கம் போனேன். ஷாமினி இடுப்பில் குழந்தையோடு அங்கே வந்தாள். "ஆன்ட்டி, அத்த அன்னிக்கு ஏன் அப்படிப் பண்ணாங்க? அப்பாகிட்ட கேட்டா அவளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாதுங்கிறாரு."

சொல்லிவிட்டேன். நனைந்த மண், வொர்க்‌ஷாப், கவிழ்த்த பெட்டி, எல்லாவற்றையும்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"பக்கத்துல நின்னு பாத்தாரும்மா."

குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "நான் மேடையில இருந்து பாத்தேன் ஆன்ட்டி. அத்த வாளி தூக்கிட்டுப் போனாங்க. வேணும், நல்லா வேணும்னு நெனச்சேன்" என்று சொல்லிக் குழந்தையின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளே பிரேதத்தை எடுக்கக் குரல் கொடுத்தார்கள். அவளுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அக்கா பொறுமைசாலி என்று இப்போது குழுவில் ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். அந்தப் பொறுமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் அது வசதி. சொந்த அண்ணன் என்றும் பார்க்காமல், சாமி என்றும் பார்க்காமல், ஒரு பிள்ளைக்காக நெருப்பில் கை வைத்தாரே, அந்த ஒரு நிமிஷத்துத் தேவகி அக்கா போதும் எனக்கு.