டிப்போவில் ஒரு பேராசிரியர்

பஸ் டிப்போவில் அவரை டைம்டேபிள் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த டிரைவர் எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று டூட்டி லிஸ்ட் போடுவது அவர் வேலை. வயது முப்பத்தெட்டு. கல்லூரிப் படிப்பு இரண்டாம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் லிஸ்ட் போடும் புரோகிராமைத் தானே உட்கார்ந்து எழுதியவர். எழுதியதோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. தான் எழுதிய வரியை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் உள்ளே என்ன செய்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

இப்படிப்பட்ட ஆட்களுக்கென்றே ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆன்லைனில் ஒரு கருத்தரங்கு நடந்தது. நாற்பது பேர் வருவார்கள். ஒரு புரோகிராமிங் மொழியை எடுத்துக்கொண்டு, வாரம் ஒரு வசதி என்று, அதை உள்ளே எப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று மொழியின் மூல நிரலையே திறந்து பார்ப்பார்கள். 'இப்படித்தான் இருக்கும்னு நினைக்கிறேன்' என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. வரியைக் காட்டு, இல்லையென்றால் சும்மா இரு. கேமராவை யாரும் போடுவதில்லை. நிரல் தெரிந்தால் போதும், மூஞ்சி எதற்கு?

அங்கே ஒரு வாரம் டைம்டேபிளின் முறை வந்தது. பாதியில் நின்று, பிறகு விட்ட இடத்திலிருந்தே தொடர்கிற ஃபங்ஷன் என்ற நிரல் துண்டைப் பற்றிப் பேசினார்.

"வழியில டிரைவர் மாறுறார்னு வச்சுக்கங்க. பயணிகளை யாரும் இறக்கிவிடுறதில்ல, அப்படியே உட்கார்ந்திருக்காங்க. எந்த ஸ்டாப்புல நிக்குதுன்னு குறிச்சிருக்கு. அடுத்த டிரைவர் ஏறினா அங்கிருந்துதான் எடுப்பார். இப்போ அந்தக் குறிப்பை எங்க எழுதி வைக்கிறாங்கன்னு காட்டுறேன்" என்று நிரலில் அந்த வரியைக் காட்டினார்.

"பிரமாதம், புரொபசர்!" என்றது ஒரு குரல்.

அன்றே மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. உச்சி குளிர்ந்துபோயிருந்தது, அதுதான் உண்மை. அவர் குரலும் நிறுத்தி நிதானமாக, தலை நரைத்தவர் குரல் மாதிரி இருக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. நான்கு வருடத்தில் நிஜமாகவே எங்கேயோ பாடம் நடத்துகிறவர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஒரு பேராசிரியர் எதற்கெடுத்தாலும் ஏன் பஸ்ஸையே உதாரணம் சொல்கிறார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எதையும் திறந்து பார்க்காமல் நம்பாத நாற்பது பேர், இதை மட்டும் திறந்தே பார்க்கவில்லை.

வினை ஒரு புதன்கிழமை மெசேஜாக வந்தது. அனுப்பியவர் ரெக்கார்ட்ஸ் மேடம். ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறவர், கருத்தரங்குக்கு ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறவர். நாற்பத்தைந்து வயதில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறாராம். தன் திறமையை அறிந்த ஒரு பேராசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டுமாம். 'உங்களை விட்டா எனக்கு யாரும் தெரியாது சார். பதினைந்து நாள் இருக்கு.'

டைம்டேபிளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. 'கண்டிப்பா மேடம்' என்று பதில் போட்டுவிட்டுத்தான் யோசிக்கவே ஆரம்பித்தார்.

கடிதம் என்னவோ மடமடவென்று வந்தது. மூத்தவர்களே கவனிக்காத ஒரு பிழையை மேடம் கண்டுபிடித்தது, புரியாததைப் புரிந்த மாதிரி ஒருநாளும் தலையாட்டாதது, எல்லாம் ஒரு பக்கத்துக்கு எழுதினார். ஒரு வார்த்தை பொய் இல்லை. கையெழுத்துக்குக் கீழே பதவி என்று ஓர் இடம் இருந்தது. அங்கேதான் வண்டி நின்றுவிட்டது.

இடையில் வந்த ஞாயிறு, "கடிதம் ஆச்சா சார்?" என்று கேட்டார் மேடம்.

"எழுதிக்கிட்டிருக்கேன்" என்றார். சொன்ன வாயை அடிக்கலாம் போல இருந்தது.

மனைவியிடம் விஷயத்தைக் கொட்டினார். அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க எப்போ புரொபசர் ஆனீங்க? எனக்குச் சொல்லவே இல்லையே?"

"கிண்டல் பண்ணாத."

"சரி, பண்ணல. அந்தம்மா உங்களை நம்பி வேற யாரையும் கேட்காம உட்கார்ந்திருக்காங்க. அது தெரியுதா?"

தெரிந்தது. தெரிந்தும் அந்த வாரமும் போனது. பேராசிரியர் பட்டத்தை இழக்க மனசு வரவில்லை, இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. பதினோராவது நாள் ஞாயிறு, எல்லோரும் போன பிறகு மேடத்தை மட்டும் இருக்கச் சொன்னார். முதல்முறையாகக் கேமராவைப் போட்டார். மதியம் டூட்டி என்பதால் டிப்போ சட்டையில் இருந்தார்.

"நான் புரொபசர் இல்ல மேடம். காலேஜையே முடிக்கல. டிப்போவுல டூட்டி லிஸ்ட் போடுறேன்."

மேடம், "அப்போ எனக்கு இன்னும் நாலு நாள்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு லைனை விட்டு வெளியேறினார்.

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. டைம்டேபிள் மற்றவர்களிடமும் உண்மையைச் சொன்னார். "அதனால என்ன சார்" என்றார்கள் அவர்கள். அவர்களுக்கென்ன, அவர்கள் ஒன்றும் இழக்கவில்லையே. அவர் கண் வருகைப் பட்டியலிலேயே இருந்தது.

மூன்றாவது ஞாயிறு, டைம்டேபிள் நிரலைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது மேடத்தின் பெயர் திரையில் வந்தது. அவர் பேச்சு நடுவிலேயே நின்றது.

"நாலு நாள்ல யாரும் கிடைக்கல. இந்த வருஷம் போச்சு" என்றார் மேடம், நாற்பது பேருக்கும் கேட்க. "நீங்க புரொபசர் இல்லன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல? பதினோரு நாள் என்னை உட்கார வச்சீங்களே, அதுதான் தாங்கல."

"தப்புதான் மேடம். முழுக்க என் தப்பு" என்றார் அவர்.

மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி தம்பி, அந்த ரெண்டாவது வரிக்குத் திரும்பப் போங்க. அது எனக்குப் புரியல."

அந்த இரண்டாவது வரி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.