அக்கா அந்த மாத்திரையை நிறுத்தவில்லை

எங்கள் வீட்டின் மூத்த மகள், என் அக்காவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்று. "கேன்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறவங்களே மாத்திரையத் தூக்கிப் போட்டுட்டாங்களாமே" என்று துக்கத்துக்கு வந்த இடத்திலேயே பேசிக்கொண்டீர்கள். அது பொய். அந்தப் பொய்யோடு அக்காவை வழியனுப்ப எனக்கு மனமில்லை.

அக்கா ஆவடியில், அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் பிறந்தார். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் எனக்குத் தலை வாரியதும் அவர்தான், திட்டியதும் அவர்தான். மண்ணெண்ணெய் க்யூவில் நின்றுகொண்டே படித்து, புற்றுநோய் ஆய்வகத்தில் விஞ்ஞானியாகச் சேர்ந்தார். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியையே உசுப்பிவிட்டுப் புற்றுநோயைக் கொல்ல வைப்பது எப்படி என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. முப்பது வருஷமும் அதேதான்; லீவு நாளில் ஊர் ஊராகப் போய் இதை ஜனங்களுக்கு விளக்கியும் பேசுவார். ஆய்வகத்தில் நாலு எலி பிழைத்தால் வீட்டுக்கு ஜாங்கிரி வரும். செத்தால் என் சமையலில் உப்பில்லை என்பார்.

கரையான்சாவடியிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் அக்கா நீட்டிய காபியைத் தொடவில்லை. "கேன்சரத் தொட்டுத் தொட்டு வேலை செய்ற கை" என்று வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேர் இன்று பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நன்றாகச் சாப்பிடுங்கள். அக்கா சமைக்கவில்லை.

கல்யாணம் நடக்கவே இல்லை. கடைசிவரை என்னோடு வெள்ளானூர் ஃபிளாட்டில்தான் இருந்தார். போன வருஷம் அவருக்கே சிறுநீரகத்தில் புற்றுநோய் வந்தது. அவர் துறையின் ஊசியைத்தான் போட்டார்கள். கட்டி சுருங்கியது. "பாத்தியாடி, வேலை செய்யுது!" என்று ஸ்கேனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு குதித்தார்.

ஆனால் உசுப்பிவிட்ட எதிர்ப்பு சக்தி அவருடைய நுரையீரலையே தாக்க ஆரம்பித்தது. மூச்சு இரைத்தது. அதை அடக்கத் தினமும் காலையில் ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. இதையெல்லாம் அக்கா எனக்கு விளக்கினார். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே "ம்" கொட்டினேன். எதிர்ப்பு சக்தி என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது.

நூம்பலில் இருக்கும் சித்தப்பா லேகிய டப்பாவோடு பார்க்க வந்தார். மாத்திரையோடு இருந்த சீட்டைப் படித்தார்.

"இன்னாம்மா இது? ஆஸ்பத்திரில எதிர்ப்பு சக்திய ஏத்த ஊசி போட்றான். நீ ஊட்ல அத்த எறக்குற மாத்திர குடுத்துகினு கீற. அறிவு கீதா உனக்கு?"

எனக்கு அது நியாயமாகப் பட்டது. கேன்சரோடு மல்லுக்கட்டத் தெம்பு வேண்டாமா? அக்காவிடம் கேட்டால் திட்டுவார் என்று கேட்கவில்லை. மாத்திரைகளைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, அதேபோல் வெள்ளையாக இருந்த சத்து மாத்திரைகளை டப்பாவில் நிரப்பினேன். அக்காவுக்குக் கண் மங்கியிருந்தது. நான் நீட்டியதை என்ன ஏது என்று பார்க்காமல் விழுங்கினார். லேகியத்தையும் "ஒன் சந்தோஷத்துக்குத்தான்டி" என்று நக்கிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் மறுபடி மூச்சு முட்டியது. ஆம்புலன்ஸில் போகும்போதுதான் அவரிடம் சொல்லித் தொலைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "மாத்திரைய யார் நிறுத்தினது?" என்று கத்தினார். அக்கா ஆக்ஸிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டு, "நான்தான். வேண்டாம்னு தோணிச்சு" என்றார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார். நான் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

டாக்டர் போனதும் அழுதேன். அக்கா என்னைத் தேற்றவில்லை.

"இத்தச் சொல்லத்தான்டி ஊர் ஊரா போனேன். ஒரே வீட்ல இருக்குற ஒனக்கே புரியலன்னா, முப்பது வருஷமா நான் என்னத்தக் கிழிச்சேன்?"

அதுதான் கடைசிப் பேச்சு. அப்புறம் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள். நாலாம் நாள் போய்விட்டார்.

நன்றி சொல்ல வேண்டும். மாறி மாறி ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்த ஆய்வகப் பிள்ளைகளுக்கும், எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்த எதிர் ஃபிளாட் ஐ.டி. தம்பிகளுக்கும் நன்றி. சித்தப்பாவுக்கும் நன்றி. அவர் பாசமாகத்தான் கொண்டுவந்தார், நானும் பாசமாகத்தான் கொடுத்தேன். பாதி லேகியம் மிச்சமிருக்கிறது, வேண்டுமானால் எடுத்துப் போகட்டும்.

ஆய்வகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். அக்காவின் கேஸ் ஷீட்டில் "நோயாளி தாமாகவே மருந்தை நிறுத்தினார்" என்று இருக்கிறதாம். அதை வைத்து உங்கள் கூட்டத்தில் பேசப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். தங்கை நிறுத்தினாள் என்று எழுதுங்கள். அக்கா புரியும்படிதான் சொன்னார், நான்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை,
வெள்ளானூர்