பதினேழாம் எண் வீட்டுக் கைநாட்டு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் இது நடந்தது. நடந்த இடம் ஒரு சட்டக் கல்லூரி. நேரம், பட்டப்பகல் போல வெயிலடித்த ஒரு மாலை, நான்கு பத்து. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று சொன்னவன் சட்டக் கல்லூரிக்குள் காலே வைத்திருக்க மாட்டான்.

அந்த இறுதியாண்டு மாணவனை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் போராட்டமானாலும் ஒலிபெருக்கி அவன் கையில்தான் இருக்கும், பிடுங்கினால்தான் வரும். ஏழைகளைப் பற்றிப் பேசினால் அவனுக்குக் கண்ணீர் முட்டும், கேமரா எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு முட்டும். கல்லூரியும் அவனுக்குச் சளைத்ததல்ல. பொதுப் பிரச்சினை என்றால் அங்கே முதலில் பேனர் அடிப்பார்கள், அடுத்து டீ பிஸ்கட் சொல்வார்கள், அப்புறம்தான் பிரச்சினை என்னவென்று விசாரிப்பார்கள்.

அந்த வருடம் மாட்டியது ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் இருந்த சந்து. குழாயைத் திறந்தால் கலர் கலராகத் தண்ணீர். கல்லூரியின் இலவச சட்ட உதவி மையம் வழக்குப் போடுவதென்று முடிவானது. நாற்பது குடும்பங்களுக்காக என்று பேனரும் அடித்தாயிற்று. முகாமுக்கு வந்ததோ முப்பத்தொன்பது பேர். பதினேழாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது.

வேறு யாராவது என்றால் பேனரை மாற்றியிருப்பார்கள். மைக் ஆளையே தயார் செய்தான். வாக்காளர் பட்டியலில் அந்த வீட்டுக்காரியின் பெயரைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரியின் பிரமாணப் பத்திரத்தை அப்படியே நகலெடுத்துப் பெயரை மட்டும் மாற்றினான். கீழே தன் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்தான். 'எழுதப் படிக்கத் தெரியாத இவருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். புரிந்துகொண்டு என் முன்னிலையில் கைநாட்டு வைத்தார்' என்று கையெழுத்தும் போட்டான். மையத்தின் பொறுப்பாசிரியையான மேடம் தாள்களை எண்ணிப் பார்த்தார். நாற்பது இருந்தது. படித்துப் பார்க்கவில்லை. மூலப் பத்திரங்கள் நீதிமன்றத்துக்குப் போய்ப் பெட்டியில் பூட்டி முத்திரையிடப்பட்டன. நகல் மையத்தில் தங்கியது.

மூன்று வாரம் கழித்துக் கல்லூரி அரங்கில் 'அடித்தட்டு மக்களும் நீதியும்' என்று கருத்தரங்கம். அடித்தட்டிலிருந்து ஒருவரையும் அழைக்கவில்லை, நாற்காலி போதாதாம். ஐந்து மணிக்கு மைக்கின் பேச்சு. மையத்தின் உள்மூலையில் தனியாக உட்கார்ந்து, எந்த வரியில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று பென்சிலால் குறித்துக்கொண்டிருந்தான்.

நான்கு பத்து.

"தம்பி."

நிமிர்ந்தான். எதிர் நாற்காலியில் ஓர் அம்மா. கதவு திறந்தால் கிறீச்சென்று கத்தும். கத்தவில்லை. நாற்காலி இழுபட்ட சத்தமும் இல்லை.

"பதினேழாம் நம்பர் வீடு. எனக்குப் படிச்சுக் காட்டினதா எழுதியிருக்கீங்களாமே. படிங்க, கேக்குறேன்."

தொல்லை வந்துவிட்டதே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, முகாமுக்கென்று வைத்திருந்த சிரிப்பை மாட்டிக்கொண்டான். நகலை எடுத்தான். கணவருடன் வசித்து வருகிறேன் என்று ஆரம்பித்தான்.

"அவர் போயி ஆறு வருஷமாச்சு. மேல படிங்க."

இரண்டு குழந்தைகள் என்று படித்தான்.

"எனக்குப் புள்ளையே கிடையாது. இவ்வளவு படிச்சும், பார்த்துதான் எழுத வருமா தம்பி?"

சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுத்தவன் அப்போதுதான் கவனித்தான். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மேஜை மேல் தாள்கள் படபடத்தன. அவள் முந்தானை மட்டும்... அசையவில்லை.

நான்கு பதினேழு. அரங்கத்துக் கைதட்டல் நின்றுபோயிருந்தது. காக்கைச் சத்தம்கூட இல்லை.

அவள் இதுவரை ஒரு தடவையும் இமைக்கவில்லை.

"மேல..."

'இன்றும் இந்த நீரையே குடித்து வருகிறேன்...'

அவள் மெல்லச் சிரித்தாள்.

"இன்னிக்குமா?"

தப்பிருந்தால் திருத்திக்கொள்ளலாம் என்று எப்படியோ முனகினான்.

"திருத்திடலாம். வச்ச வெரல் எது? நீட்டுங்க."

அவன் நீட்டவில்லை. கை நீண்டது.

அவள் கட்டைவிரல் அவன் விரல்மேல் அமர்ந்தது.

ஐஸ்.

ஒன்று... இரண்டு... மூன்று...

நாற்காலி காலி.

நான்கு நாற்பதுக்கு வெளியே பூட்டுத் திறக்கும் சத்தம். அட்டெண்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் நாலு மணிக்கே பூட்டிவிட்டதாகச் சொல்லித் தலையைச் சொறிந்தார். வந்த அம்மா எப்படி வெளியே போனார் என்று கேட்டான்.

"எந்த அம்மா? சாவி என் இடுப்புலல்ல இருக்கு."

அன்று மைக் பேசவில்லை. கருத்தரங்கம் சீக்கிரம் முடிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வழக்கு விசாரணைக்கு வந்ததும் பட்டறையின் வக்கீல் ஒரு மரணச் சான்றிதழை நீட்டினார். பதினேழாம் எண் வீட்டுக்காரி, பத்திரத்தில் இருந்த தேதிக்கு ஒன்பது நாள் முன்பே செத்துப்போயிருந்தாள். ஒன்று போலி என்றால் நாற்பதும் போலிதான், கைரேகையைச் சோதித்துவிட்டு வழக்கைத் தள்ளுங்கள் என்றார். நீதிபதி சோதனைக்கு உத்தரவிட்டார்.

ரேகை மைக்குடையது என்று தெரிந்தால் அவனுக்குக் கறுப்புக் கோட்டு இந்த ஜென்மத்தில் இல்லை. நிஜமாகவே கைநாட்டு வைத்த முப்பத்தொன்பது பேருக்கும் அதே கலர் தண்ணீர்தான். மேடத்திடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் கொட்டினான். மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போட்டோ எல்லாம் வெப்சைட்ல போயாச்சுப்பா. நீ ஒண்ணும் சொல்லல, நான் ஒண்ணும் கேக்கல."

உலகத்துக்கே நியாயம் கேட்கும் கல்லூரியின் தைரியம் அவ்வளவுதான். அறிக்கை வந்த நாளில் நீதிமன்றத்தில் மைக்குக்கு முன்னால் நிஜமான மைக் ஒன்று இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை.

நிபுணரின் அறிக்கையை எழுத்தர் உரக்கப் படித்தார். வீட்டுப் பத்திரத்தில் அந்த அம்மா வைத்திருந்த ரேகையும் இதுவும் புள்ளிக்குப் புள்ளி ஒன்றே. ஒற்றியிருப்பது முத்திரை மை அல்ல, தடைசெய்யப்பட்ட சாயம். நாங்கள் தொடுவதே இல்லை என்று பட்டறை சத்தியம் செய்திருந்த அதே சாயம்.

பட்டறையின் வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

கடைசி வரிக்கு வந்தபோது எழுத்தரின் குரல் இறங்கியது. பத்திரம் தாக்கலாகி ஐந்து மாதம் ஆகிறது, சோதனைக்கு வரும்வரை பெட்டியின் முத்திரை உடைபடவில்லை என்று இருந்தது. அதற்குக் கீழே நிபுணர் தன் கையாலேயே எழுதியிருந்தார்:

'ரேகை இன்னும் காயவில்லை.'