கிணற்றின் மேல் நூலகம்

எங்கள் கல்லூரியின் கட்டிட வரலாற்றை யாராவது எழுத வந்தால் முகப்பு வளைவில்தான் ஆரம்பிப்பார்கள். ஆரம்பிக்கட்டும். முதல் சில வருடம் வகுப்பு நடந்தது கடலைக்காய் குடோனில் என்பதை எழுதுவார்களா? தகரக் கூரையில் மழை அடித்தால் பாடம் நின்றுவிடும். எலிக்கு மட்டும் விடுமுறை கிடையாது. எழுபதுகளின் நடுவில் கருங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாக நீளக் கட்டிடம் வந்தது. இன்றைக்கும் உருப்படியாக நிற்பது அது ஒன்றுதான். எண்பதுகளில் போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் லாரிக்காரர்கள் கல்லூரிக் கமிட்டிக்குள் வந்தார்கள். கையில் காசு, காலில் சுடுதண்ணீர். பக்கத்தில் புதுக் கட்டிடம் எழும்பியது; ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் தளம் வந்தது, வேண்டாத இடத்திலெல்லாம் தூண் வந்தது. அந்தப் புதுக் கட்டிடத்தின் கிழக்கு மூலை அறைதான் நூலகம். நான் நூலகர்.

கல்லூரிக்கு நிலம் கொடுத்தது அப்பா. அதனால்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று முதுகுக்குப் பின்னால் பேசுவார்கள். பேசினால் பேசட்டும், நூலகப் படிப்பைப் பாஸ் செய்தது நிலமா, நானா? கட்டிடம் எழும்பியபோது நான் கல்யாணமாகி ஆத்தூர்ப் பக்கம் இருந்தேன். பிறகு கணவருக்கு ரிக் லாரியோடு ஆந்திராவே கதியென்று ஆகிவிட, பிறந்த வீட்டுக்கு வந்து வேலையில் சேர்ந்தேன். அவர் அவ்வப்போது வந்து போவார். மறு வருடம் வயிற்றில் ஒன்று வந்தது. அதற்கு முன் ஒன்று தங்காமல் போயிருந்தது. நான் தும்மினால்கூட அப்பா எழுந்து வந்து பார்ப்பார்.

எனக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது ஒருநாள் காலை அறையைக் கழுவிவிட்டார்கள். ஜன்னலோர மூலையில் தரையில் ஒரு மெல்லிய விரிசல். அங்கே போன தண்ணீர் தேங்கவும் இல்லை, வழியவும் இல்லை, உள்ளே போய்விட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை நானே ஊற்றிப் பார்த்தேன். சற்றுப் பொறுத்துக் கீழே வெகு ஆழத்தில் தண்ணீர்மேல் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். வேப்பமரம். அதன் நிழலில்தான் எங்கள் கிணறு இருந்தது. மூடிவிட்டார்கள் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். "அந்த வேப்பமரத்துக் கெணறு என்னாச்சுங்கப்பா?"

"அது பத்தரமா இருக்குது சாமி. நாந்தான் மண்ணப் போட்டு மூட உடலையே! மேல கான்கிரீட்டுல மூடி போட்டு, அதும்மேலதான் உங்க ரூமு."

பெருமையாகச் சொன்னார். தண்ணீருள்ள கிணற்றை மண் கொட்டி மூடினால் வம்சம் நிலைக்காது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தாத்தா ஒரு கிணற்றை மூடிய வருடம்தான் அப்பாவின் தங்கை கைக்குழந்தையாக இருந்தபோதே செத்துப்போனாளாம். அதனால் கிணற்றை மூடுவதில்லை என்று வாக்கு வாங்கிக்கொண்ட பிறகே அப்பா நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். அடப்பாவிகளா! ஆள் நடக்கப் போட்ட மூடியின்மேல் நான் இரும்பு பீரோக்களில் புத்தகத்தை அடைத்து நிறுத்தியிருக்கிறேன். பரீட்சை நேரம் வேறு. பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து படிக்கிறார்கள்.

"அத மூடச் சொல்லுங்கப்பா. ஆளு செத்துப்போவாங்க."

"அந்தப் பேச்சே வேண்டாங் கண்ணு. உம்பட வயித்துல புள்ள இருக்குது" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாள் அறையைப் பூட்டினேன். கல்லூரிச் செயலாளர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், எனக்கு மாமா முறை. வந்த வேகத்தில் திறக்கச் சொன்னார்.

"வர்ற வாரம் பல்கலைக்கழகத்துல இருந்து பாக்க வாராங்க. லைப்ரரி பூட்டிக் கெடந்தா காலேஜே போச்சு. இன்ஜினியரு தாங்கும்னு சொல்றாரு."

"தாங்கலைன்னா அவரா வந்து புள்ளைங்களத் தூக்குவாருங்க மாமா?"

"உங்கப்பனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு, நாளைக்கே ஒடைச்சு மண்ணக் கொட்டறேன். வாக்குக் குடுத்துப்போட்டு நானா மீற மாட்டேன்."

ஒருவருக்கு வாக்கு, ஒருவருக்குப் பயம். நடுவில் மாட்டிக்கொண்டது பிள்ளைகள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்து, மூலை மேசையை மட்டும் தள்ளி இழுத்துப் போட்டுவிட்டு, விரிசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மத்தியானம் அறை நிறைந்திருந்தது. திடீரென்று மூலையில் 'டப்' என்றது. பீரோவின் கண்ணாடிக் கதவுகள் தாமாகக் கிடுகிடுத்தன. தரை விழுகிறது என்று கத்தினால் வாசலில் மிதிபட்டே சாவார்களோ, விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்பார்களோ, யாருக்குத் தெரியும்? வாயில் வந்ததைக் கத்தினேன்.

"பாம்பு! ஜன்னலுக்கிட்டப் பாம்பு! வெளிய போங்க!"

ஜன்னல் பக்கம் இருந்தவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். எதிர்ப்பக்கம் இருந்தவர்கள் அவர்களுக்கு முன்னால் ஓடினார்கள். கடைசியாக நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரை ஒட்டி நடந்து வந்தேன். கால் வைக்கும் ஒவ்வொரு இடமும் கீழே போகப்போகிறது என்றே இருந்தது. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அப்பா வந்தார். செயலாளரும் வந்தார். கதவைத் திறந்து வாசலிலேயே நிறுத்திக் காட்டினேன். விரிசலில் இப்போது விரல் நுழையும். பீரோ ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் புள்ளைங்கதானுங்கப்பா. அதுகளைப் பெத்தவங்களுக்கு வம்சம் வேண்டாமுங்களா?"

விரிசலையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா, "நீயெங்க இருந்த?" என்றார்.

"உள்ளதானுங்க இருந்தேன். உங்க பேரப்புள்ளையும் உள்ளதான் இருந்துச்சு."

அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு செயலாளரை நிமிர்ந்து பார்த்து, "மூடிப்போடுங்க" என்றார்.

புத்தகங்கள் பழைய கருங்கல் கட்டிடத்துக்குப் போயின. மூலையை உடைத்து மூடியை எடுத்தார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்து முதல் கூடை மண்ணை அப்பாவே கொட்டினார். வேறு யாரையும் தொட விடவில்லை.

"எங்கையாலதான் மூடறேன். கோவம் எதுனாலும் எம்மேல காட்டு. எம் புள்ள மேல காட்டாத."

கிணற்றைப் பார்த்துத்தான் சொன்னார். அப்பாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் போகவில்லை. பார்க்க வந்த பல்கலைக்கழகத்தார் கருங்கல் கட்டிடத்து நூலகத்தில் நல்ல காற்று வருகிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் பெரும்பாடு. அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. நம்பிக்கை இல்லை இல்லை என்று வாய் சொன்னாலும், வயிற்றில் அசைவு சற்று நின்றால் கை தானாகப் போய்த் தட்டிப் பார்க்கும்.

சேலத்து ஆஸ்பத்திரியில் பிரசவம். உள்ளே நடந்தது எனக்குத் தெரியும். வெளியே நடந்ததை அம்மா சொன்னாள். நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு வந்திருக்கிறாள். எல்லாரும் ஆணா பெண்ணா என்றுதான் கேட்பார்கள். அப்பா கேட்டது வேறு.

"கொழந்தை அழுவுச்சுங்களா?"

"ஆஸ்பத்திரிக்கே கேக்குது பெரியவரே, உங்களுக்குக் கேக்கலைங்களா?"

அப்பா அதுவரை சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றிருந்தாராம்.