எல்லப்பன் அணைத்த ஃப்ரீசர்

எல்லப்பனைப் பற்றி யாராவது இளக்காரமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். சிறுசேரிப் பக்கம் நான் வேலை பார்த்த சின்ன ஆராய்ச்சிக் கூடத்தில் அவர்தான் அட்டெண்டர். திருப்போரூரில் அடுத்தவர் நிலத்தில் நடவு நட்ட குடும்பம். பஸ் ஓடாத நாளிலும் சைக்கிளில் வந்துவிடுவார். தாமதமாக வரும் எங்களைத் திட்டவும் செய்வார்.

2007இல் அவர் மனைவி சின்னப்பொண்ணுவுக்கு மார்பில் புற்றுநோய். செங்கல்பட்டில் வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் லேபில் சியாமளா செய்துவந்ததோ புற்றுநோய்த் தடுப்பூசி ஆராய்ச்சி.

“அந்த ஃப்ரீசர்ல இன்னா மேடம் கீது?” என்று ஒருநாள் அவளிடம் கேட்டார்.

“எம்ஆர்என்ஏன்னு ஒண்ணு, அண்ணா. கட்டியோட அடையாளத்தை உடம்பே செஞ்சு பாத்துக்கிறதுக்கான குறிப்பு. பாத்துட்டா, அப்புறம் உடம்பே கட்டியைத் தேடி அடிக்கும். கிருமிக்கும் இதே வழி சரிவருமான்னு பாக்கறாங்க. ஆனா சட்டுனு கெட்டுடும், எப்பவும் உறைஞ்சே இருக்கணும்.”

மருந்தைப் போட்டுப் பார்க்கும் எலிகள் சென்னையில் வேறொரு இடத்தில் இருந்தன. அவள் அதைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. உனக்கு மருந்து தயாராகிறது என்று வீட்டில் சின்னப்பொண்ணுவிடமும் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த ஃப்ரீசரைத் துடைப்பார். நாங்கள் கேலி செய்தோம். அவர் கண்டுகொள்ளவில்லை.

ஆயுத பூஜை வந்தது. லாரி, தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் அன்றைக்கு ஓய்வு கொடுக்கிற ஊர் இது. எல்லப்பன் ஒவ்வொரு மெஷினாகச் சந்தனம் குங்குமம் வைத்து, சுவிட்சை அணைத்துக்கொண்டே வந்தார். ஃப்ரீசருக்கு மாலையே போட்டார். அதற்கு மட்டும் ஓய்வு கொடுக்காமல் விட அவருக்கு மனசு வரவில்லை. கதவைத் திறக்காவிட்டால் ஒரு ராத்திரி தாங்கும், விஜயதசமி காலையில் வந்து போட்டுவிடலாம் என்று நினைத்து அதையும் அணைத்தார்.

விஜயதசமி விடியும்போது சின்னப்பொண்ணு வாந்தி எடுத்துத் துவண்டு விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடியவருக்கு வேறெந்த நினைப்பும் இல்லை. லீவு முடிந்து நாங்கள் ஃப்ரீசரைத் திறந்தபோது எல்லாம் தண்ணீராக இருந்தது.

டைரக்டர் கத்தித் தீர்த்தார். எல்லப்பன் வேலை போகுமே என்று ஒரு வார்த்தை பேசவில்லை. பின்பக்கப் படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“என் பொண்டாட்டி மருந்த நானே கெடுத்துட்டனே மேடம்.”

சியாமளா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவரைத் தேற்றத்தான் சொன்னாள், பாவம். “அண்ணா, அது அவங்களுக்கான மருந்தே இல்ல. எலிக்குப் போட்டுப் பாக்கறதுக்கு வெச்சிருந்தது. மனுஷங்களுக்கு வர எத்தனையோ வருஷம் ஆகும். வருமான்னே தெரியாது. நீங்க அவங்களுக்கு ஒண்ணும் கெடுதல் செய்யல.”

அடித்துக்கொள்வது நின்றது. ஆறுதலடைந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

“அப்ப, நான் அணைக்காம இருந்திருந்தாலும் அவளுக்குக் கெடச்சிருக்காதா?”

“கிடைச்சிருக்காது.”

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“இத்த அவகிட்ட சொல்ல வேணாம் மேடம்,” என்றார். “நான்தான் கெடுத்துட்டேன், மேடம் திரும்பச் செஞ்சிகினு கீறாங்கன்னு சொல்லிக்கிறேன்.”